செல்ஃப் சுத்துதா?

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் வண்டி தருமபுரியைத் தொட வேண்டுமானால் தொப்பூர் கணவாயை ஏறியாக வேண்டும். இப்போது அங்கே நால்வழிச் சாலை. தலைமுறைகளாக என்.எச். 7 என்று சொல்லிவந்த பெயரும் 2010இல் என்.எச். 44 ஆகிவிட்டது. தொப்பூர் என்றால் இன்றைய ஓட்டுநருக்கு இறக்கத்தில்தான் பயம். பெங்களூரு பக்கமிருந்து சுமையோடு இறங்கும் லாரிக்கு பிரேக் நிற்குமா என்பது அந்தப் பயம். அம்பாசடர் காலத்து டிரைவருக்குக் கவலை ஏற்றத்தில் இருந்தது. சித்திரை வெயிலில் கணவாயை ஏறி முடித்து, மேலே டீ குடிக்க வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து செல்ஃப் அடித்தால், என்ஜின் நன்றாகவே சுற்றும். ஆனால் பிடிக்காது.

காரணம் அவருக்குத் தெரியும். அந்தக் காலத்து பெட்ரோல் பம்ப் என்ஜினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. வண்டி ஓடும்போது காற்று வீசும், புது பெட்ரோல் பாயும், பம்ப் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டால் என்ஜினின் சூடு மொத்தமும் அதன்மேல் ஏறிவிடும். பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. கார்புரேட்டர் கிண்ணம் வறண்டு கிடக்கும். வைத்தியம் ஒரு கந்தல் துணியும் ஒரு சொம்புத் தண்ணீரும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிவிட்டு இன்னொரு டீ சொல்லலாம். துணி காய்வதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

அதே ஏற்றத்தில் இன்று ஒரு பழைய கார் நிற்கிறது, சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக்கின் முதல் சந்தேகம் பெட்ரோல் பம்பின்மேல் விழாது. பம்ப் இப்போது பின்னால் டாங்கிக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. அங்கிருந்து அழுத்தத்தோடு வரும் பெட்ரோல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. அவர் சந்தேகப்படுவது கட்டைவிரல் அளவே இருக்கும் கிராங்க் சென்சாரை. கிராங்க் தண்டு எந்த வேகத்தில் சுற்றுகிறது, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று வண்டியின் கணினிக்குச் சொல்வது அதுதான். பழசாகிவிட்டால் அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் தொடர்பு விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். சமிக்ஞை வராவிட்டால் கணினி நெருப்பும் தராது, பெட்ரோலும் தராது. இதைச் சோதிக்க அனுபவசாலிகள் செய்யும் எளிய வழி ஒன்று உண்டு. சென்சாரின்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து மறுபடி செல்ஃப் அடிப்பார்கள். உடனே பிடித்துவிட்டால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

அன்றும் தண்ணீர்தான், இன்றும் தண்ணீர்தான். ஆனால் அன்று ஊற்றியவர் வண்டியை ஓட்டி வந்த டிரைவர். இன்று ஓட்டி வந்தவருக்கு அந்த சென்சார் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. கார் ஸ்டார்ட் ஆகாததற்கான அடிப்படைக் காரணங்கள் இத்தனை ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை. காற்று, எரிபொருள், நெருப்பு, அழுத்தம் ஆகிய நான்கும் உரிய நேரத்தில் கூட வேண்டும். கூட்டுவதற்கு முதலில் என்ஜினைச் சுழற்ற வேண்டும். மாறியிருப்பது, நான்கில் எது குறைகிறது என்று அறியும் அறிவு குடியிருக்கும் இடம்.

மார்கழிக் காலை

தருமபுரி சேலத்தைவிட உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழி, தை விடியலில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் சால்வை இல்லாமல் வெளியே வர முடியாது. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, என்ஜினுக்குள் போவதில் பாதி துளித்துளியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் குளிர்ந்த என்ஜினுக்குக் காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் அதைச் செய்ய டாஷ்போர்டில் சோக் என்று ஒரு குமிழ் இருந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இலும் தொடக்கத்தில் அது இருந்தது.

எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பதெல்லாம் கைப்பழக்கம். கூடுதலாக இழுத்துவிட்டால் பிளக் நனைந்துவிடும். பெட்ரோல் நெடி மூக்கில் ஏறும். “ஓவர் ஃப்ளோ ஆயிடுச்சு” என்பார்கள். அப்போது சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். காற்று தாராளமாகப் புகுந்து ஈரத்தை உலர்த்திவிடும். அதற்கும் அடங்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, வெயிலில் காட்டி மாட்ட வேண்டும்.

2000 ஏப்ரலில் நாடு முழுவதும் புகைக் கட்டுப்பாட்டு விதி கடுமையானது. அடுத்தடுத்த பாரத் ஸ்டேஜ் விதிகளோடு புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது, சோக்கும் கூடவே போனது. இன்று என்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். தண்ணீரின் சூட்டை அது கணினிக்குச் சொல்லும், கணினி இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று கணக்குப் போடும். டிரைவரின் கை செய்ததைத்தான் அதுவும் செய்கிறது, இன்னும் நுட்பமாக. தொல்லை, அது பொய் சொல்லத் தொடங்கும்போது வருகிறது. குளிர்ந்த காலையில் “90 டிகிரி” என்று சென்சார் சொன்னால் கணினி நம்பிவிடும், பெட்ரோலைக் குறைத்துவிடும். வண்டி நெடுநேரம் செல்ஃப் வாங்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரைப் போட்டு, கூலன்ட் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று 18, இன்னொன்று 90 என்றால் எது பொய் என்று கேட்கவே வேண்டாம்.

ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கும் பழைய வித்தை பெரும்பாலான புதிய பெட்ரோல் கார்களிலும் பலிக்கிறது, வேறு காரணத்துக்காக. செல்ஃப் அடிக்கும்போது பெடல் முழுக்க அமுங்கியிருந்தால் பிளக் நனைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்ஜெக்டரை நிறுத்திவைக்கும்படி கணினிக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பழைய டிரைவரின் அனுபவத்தை எவரோ ஒரு பொறியாளர் நிரலாக எழுதிவைத்திருக்கிறார்.

ஹேண்டில், தள்ளு, பேட்டரி

அம்பாசடரின் முன் பம்பரில் ஒரு துளை இருக்கும். பேட்டரி படுத்துவிட்டால் டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுத்து அந்த வழியாகச் செருகி, கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யலாம். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு கேடிலாக் கார்களிலேயே வந்துவிட்டது. இருந்தும் நம் ஊரில் ஹேண்டில் பல பத்தாண்டுகள் கூடவே வந்தது. டைமிங் முந்தியிருந்தால் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும், மணிக்கட்டு முறியும். அதனால் கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கக் கூடாது, மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்று பழகுபவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று.

ஹேண்டில் இல்லையென்றால் தள்ளு. மேட்டைப் பார்த்து நிறுத்திவைத்து, காலையில் இறக்கத்தில் உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் போதும். இந்த மாவட்டத்தில் மேட்டுக்கா பஞ்சம்! இன்றைய காரில் இது எல்லா நேரமும் பலிக்காது. பேட்டரி அடியோடு தீர்ந்திருந்தால் கணினியும் பெட்ரோல் பம்பும் உயிர்பெறா. அவை விழிக்காமல் சக்கரத்தை எவ்வளவு உருட்டினாலும் பலனில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போனால் விலையுயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் தள்ளும் பேச்சே இல்லை.

ஆனால் பேட்டரியைச் சோதிக்கும் கணக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12 என்றால் கால்வாசிதான் மிச்சம். அன்று மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டின் அடர்த்தி பார்ப்பார்கள். 1.260-க்கு மேல் இருந்தால் நல்ல அறை, ஒரே ஓர் அறை மட்டும் கீழே இருந்தால் அந்த பேட்டரிக்கு நாள் நெருங்கிவிட்டது. இன்று பல பேட்டரிகளுக்கு மூடியே இல்லை, மல்டிமீட்டர்தான் வழி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். என்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்டாவிட்டால் குறை ஆல்டர்னேட்டரில். இதைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கினால் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

பேட்டரியைக் கெடுப்பது குளிர் என்று பலரும் நினைக்கிறார்கள். கெடுப்பது பங்குனி, சித்திரை வெயில். வெளிப்படுத்துவதுதான் மார்கழி. கோடையில் தகடுகள் அரித்துப்போன பேட்டரி ஐப்பசி வரை ஒப்பேற்றிவிடும். குளிரில் எண்ணெய் கெட்டியாகி என்ஜின் கனமாகச் சுற்றும் நாளில் கைவிரிக்கும்.

அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது காசு செலவில்லாதது. பேட்டரி முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருந்தால் சுடுநீர் ஊற்றித் துடைத்து இறுக்க வேண்டும். எர்த் வயர் பாடியோடு சேரும் இடத்தில் துரு இருந்தால் சுரண்ட வேண்டும். சாவியைத் திருகினால் “டிக், டிக்” என்று மட்டும் சத்தம் வரும் வண்டிகளில் எத்தனையோ, செல்ஃப் மோட்டாரைக் கழற்றாமல் இதோடே சரியாகியிருக்கின்றன.

டீசல்காரர்களின் கதை

தக்காளி ஏற்றும் பாலக்கோட்டு வண்டி, அரூர்ப் பக்கத்து ஜீப், ஒகேனக்கலுக்கு ஆள் ஏற்றும் வேன் என்று இங்கே உழைக்கிற வண்டியெல்லாம் பெரும்பாலும் டீசல். டீசலுக்குப் பிளக் நெருப்பு கிடையாது, காற்றை நசுக்கினால் வரும் சூட்டில்தான் எரியும். அதனால் பழைய வண்டிகளில் ஹீட்டர் பிளக் உண்டு. விளக்கு அணையும்வரை பொறுத்துவிட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் தீப்பற்றிய துணியைக் காற்று வாங்கும் குழாயருகே காட்டியதும் உண்டு. அது வைத்தியமல்ல, விபத்து.

டாங்கி வற்றும்வரை ஓட்டிவிட்டால் “ஏர் வாங்கிடுச்சு” என்பார்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அடித்து, பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை போய் சுத்த டீசல் வரும்வரை காற்றை எடுப்பார்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் செல்ஃப் அடிப்பார்கள். டீசல் துள்ளி வந்தால் பம்ப் நலம். ‘மைக்கோ பம்ப்’ என்பது அந்நாளில் இந்தச் சாலை நெடுக எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1951இல் பெங்களூருவில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனிதான் மைக்கோ. 2008இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் ஆனது. பட்டறைகளில் பெரியவர்கள் இன்னும் மைக்கோ என்றே சொல்கிறார்கள்.

நட்டைத் தளர்த்தும் அந்தச் சோதனையை, எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரயில்’ என்ற ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரயில் என்ஜினில் செய்யவே கூடாது. ஓடும் வண்டியில் ரயிலின் அழுத்தம் 1,600 பார் வரைகூடப் போகும். ஊசித்துளை வழியே பீய்ச்சும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே இறங்கிவிடும். பார்ப்பதற்குச் சின்னக் காயம், விரலையே எடுக்க வேண்டிவரலாம். பழைய பழக்கம் ஆபத்தாக மாறிய இடம் இது.

அதற்கு ஈடாக வேறொரு சோதனை வந்திருக்கிறது. காமன் ரயிலில் போதிய அழுத்தம் ஏறாமல் கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. அழுத்தம் ஏன் ஏறவில்லை என்று பார்க்க, ஒவ்வோர் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சிறு பாட்டிலைத் தொங்கவிட்டுச் செல்ஃப் அடிக்கிறார்கள். நான்கு பாட்டிலில் மூன்றில் கொஞ்சம்போல டீசல், நான்காவது நிறைந்து வழிகிறது என்றால் நோயாளி யாரென்று தெரிந்துவிட்டது. ரயிலுக்குச் சேர வேண்டிய அழுத்தம் அந்த இன்ஜெக்டர் வழியே கசிந்து டாங்கிக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் நான்கையும் மாற்றாமல் ஒன்றோடு முடிக்கலாம்.

பெட்ரோலும் மாறியது

ஒரு காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு மெக்கானிக் கேட்கும் கேள்விகளில் ஒன்று, “எந்த பங்க்ல போட்டீங்க?” என்பது. ரேஷன் மண்ணெண்ணெய் விலை குறைவு, கலப்படம் லாபம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, பிளக்கில் கரி படியும். ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டு, கறையில்லாமல் உலர்கிறதா என்று பங்கிலேயே பார்த்துவிடலாம். வாடிக்கையாளர் கேட்டால் தாள் தர வேண்டும் என்பது இன்றும் இருக்கிற உரிமை.

இன்று சட்டப்படியே பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாயிற்று. 2030 என்று வைத்திருந்த இலக்கை 2025க்கு இழுத்துக்கொண்டார்கள். எத்தனால் ஆவியாக அதிகச் சூட்டை எடுத்துக்கொள்ளும், தண்ணீரையும் ஈர்த்துக்கொள்ளும். நம் ஊர்க் குளிருக்கு 20 சதவீதம் ஒன்றும் ஸ்டார்ட்டைத் தடுத்துவிடாது. தொல்லை வேறு வழியாக வரும். மழைக்காலத்தில் டாங்கிக்குள் தண்ணீர் புகுந்து, வண்டியும் வாரக்கணக்கில் நின்றுவிட்டால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வாங்கிக் கொடுத்து, வீட்டு வாசலில் நின்றே வயதாகும் கார்கள் கிராமங்களில் நிறைய. அவற்றைப் பார்க்கப் போகிறவர் பேட்டரியை அடுத்து டாங்கியைச் சந்தேகிக்க வேண்டும்.

அதோடு எலியையும். நின்ற வண்டியின் பானட்டுக்குள் குடிபுகும் எலி கடித்துவைத்த ஒரு சின்ன வயரைத் தேடி அரை நாள் போகும். அம்பாசடரில் கடிப்பதற்கு வயரே அவ்வளவாக இல்லை.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

முன்பு நெருப்பைச் சோதிக்க, பிளக் வயரின் நுனியை என்ஜின் இரும்புக்கு அருகே பிடித்துச் செல்ஃப் அடிப்பார்கள். நீலமாகத் தெறித்தால் கரண்ட் நன்று. மஞ்சளாக மெலிந்து வந்தால் பிளாட்டினம் பாயிண்டைத் திறந்து உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி வைப்பார்கள். ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் அட்டைத்துண்டே அளவு. மழையில் நின்றுபோன வண்டிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைத்தால் பாதி வழக்கு முடிந்தது. இன்று பாயிண்டும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனி காயில். வயரைப் பிடித்து நெருப்பு பார்க்கும் பழக்கம் காயிலையும் கணினியையும் சேர்த்துச் சுடும்.

பதிலுக்கு ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான அமைப்பு, இங்கே பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு பரவியது. அந்த விதி 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தது. ஐந்தைத் தாண்டி ஆறாம் கட்டம் 2020 ஏப்ரலில் வந்தது. ஸ்கேனரை மாட்டினால் ஐந்து எழுத்தில் கோடு வரும். P0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று, P0340 கேம் சென்சார் சுற்று, P0087 ரயில் அழுத்தம் குறைவு.

“சுற்று” என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சென்சார் கெட்டது என்று கோடு சொல்லவில்லை, அந்தச் சுற்றில் எங்கோ கோளாறு என்கிறது. அது சென்சாராக இருக்கலாம், எலி கடித்த வயராக இருக்கலாம், தண்ணீர் புகுந்த கனெக்டராக இருக்கலாம். காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொல்லும், டைஃபாய்டா டெங்குவா என்று சொல்லாது. பேட்டரி பலவீனமாக இருந்தால் சம்பந்தமில்லாத ஏழெட்டு கோடுகள் ஒன்றாக வரும். மின்சாரம் போதாமல் கணினிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போவதால் வரும் புலம்பல் அது. அதைப் பார்த்து ஏழெட்டு பாகங்களை மாற்றச் சொல்கிற இடங்களும் உண்டு. கோடு காட்டிய பாகத்தை வாங்கி மாட்டுவதற்குப் பெயர் கோளாறு கண்டறிவதல்ல.

ஸ்கேனரின் உண்மையான பலம் கோடில் இல்லை, நேரலையாக ஓடும் எண்களில் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் சுற்றுவது காதுக்குக் கேட்கிறது, ஆனால் திரையில் ஆர்.பி.எம். பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சாரின் சமிக்ஞை வரவில்லை. ஆர்.பி.எம். வருகிறது, பெட்ரோல் இல்லை என்றால் பம்பைப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேனரும் வேண்டாம். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருகி, பின் சீட்டுப் பக்கம் காது கொடுத்தால் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் போகலாம். காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் வாங்கும் வண்டியில் சாவியை மூன்று நான்கு முறை இப்படித் திருகி அணைத்துவிட்டு அடித்துப் பார்க்க வேண்டும். சட்டென்று பிடித்தால், இரவில் குழாயின் அழுத்தம் கசிந்து இறங்கிவிடுகிறது என்று பொருள்.

கேள்வி கேட்கும் வரிசை

தருமபுரி பைபாஸ் ஓரத்திலும் சேலம் சாலையிலும் காரிமங்கலத்திலும் இருக்கிற பட்டறைகளில் இன்று வேலை பாதிக்குமேல் தொலைபேசியில் தொடங்குகிறது.

“அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க.”

“செல்ஃப் சுத்துதுங்களா?”

“சத்தம் வருதுங்க.”

“என்னா சத்தம்? டிக்குடிக்குன்னா, இல்ல என்ஜின் சுத்துற சத்தமா?”

இந்த இரண்டு கேள்வியில் வழி பிரிந்துவிடுகிறது. சுற்றவில்லை என்றால் பேட்டரி, முனை, எர்த், செல்ஃப் மோட்டார். புதிய வண்டி என்றால் கிளட்ச் சுவிட்ச், சாவியிலிருக்கும் சிப், பட்டன் ஸ்டார்ட் சாவிக்குள் தீர்ந்துபோன சின்ன பேட்டரி. சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் நெருப்பு, எரிபொருள், அழுத்தம். குளிரிலா சூட்டிலா, மழைக்குப் பிறகா, டீசல் போட்ட பிறகா, வேறு வேலை பார்த்த பிறகா என்று அடுத்த கேள்விகள் வரும். ஐம்பது ஆண்டுக்கு முன்னாலும் இதே வரிசைதான். ஆனால் அன்று பதில் சொன்னவருக்குப் பாதி விடை தெரிந்திருந்தது. இன்று பதில் சொல்கிறவருக்குச் சத்தங்களைப் பிரித்துச் சொல்லக்கூடப் பழக்கமில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. கார் ஆண்டுக்கணக்கில் மறுப்பே இல்லாமல் ஸ்டார்ட் ஆனதால்தான் அவர் கற்க நேரவில்லை. நம்பகம் கூடியதற்கு நாம் கொடுத்த விலை இது. நல்ல பேரம்தான். அன்றைய காலைகளை மீண்டும் கேட்கிறவர்கள் ஹேண்டில் சுற்றிப் பார்க்காதவர்கள்.

தொழில் கற்கும் வழியும் மாறியது. முன்பு பள்ளிக்கூடம் நின்றுபோன சிறுவன் பட்டறைக்கு வந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கி, ஆண்டுகள் கழித்தே என்ஜினில் கை வைப்பான். 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைப்பதை 2016 சட்டத் திருத்தம் ஏறக்குறைய முற்றிலும் தடுத்தது. நல்லதே நடந்தது. இப்போது ஐ.டி.ஐ. முடித்து வருகிறவனுக்கு மல்டிமீட்டரும் வயரிங் வரைபடமும் தெரியும். காதால் கேட்டுக் கோளாறு பிரிக்கும் பயிற்சி மட்டும் பாடத்திட்டத்தில் அடங்காது. அதை இன்றும் பக்கத்தில் நின்றுதான் வாங்க வேண்டும்.

பூட்டு யார் கையில்

தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 1980இல் அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை தொடங்கியபோது ஓசூர் இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது ஆலைகள் அந்தப் பக்கம் போயின. 2021இல் போச்சம்பள்ளியில் எழுந்த ஓலா மின்ஸ்கூட்டர் ஆலையும் அந்தப் பக்கம்தான். வண்டி செய்யும் ஊர்கள் பிரிந்துபோயின, நின்ற வண்டியைச் சரிசெய்யும் ஊராக தருமபுரி மிஞ்சியது. பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவில் கிடக்கும் இந்தச் சாலைக்கு அந்த வேலை என்றும் இருக்கும். மின்சாரக் கார் வந்தாலும் இருக்கும். அதன் அடியில் பெரிய பேட்டரி இருந்தாலும், கணினியை எழுப்பிப் பெரிய பேட்டரியின் இணைப்பைக் கொடுப்பது பழைய 12 வோல்ட் பேட்டரிதான். அது படுத்தால் நானூறு கிலோமீட்டர் ஓடும் சார்ஜ் இருந்தும் வண்டி அசையாது. அங்கேயும் முதலில் எடுக்க வேண்டியது மல்டிமீட்டர்.

கவலை வேறிடத்தில். சாவியின் சிப்பை வண்டியோடு பொருத்துவது, புதிய கணினியை அறிமுகப்படுத்துவது, சில கோடுகளைத் திறந்து படிப்பது ஆகியவற்றுக்குப் பல கம்பெனிகளின் சொந்த மென்பொருள் வேண்டும். பென்னாகரத்துப் பட்டறைக்காரர் கோளாறை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், சரிசெய்ய அனுமதி இல்லாமல் வண்டியை டோ செய்து நகரத்துக்கு அனுப்புவார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கிடைக்கும் தகவல் வெளிப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்று 2012இல் வாகனங்களுக்கெனச் சட்டமே செய்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கு ஓர் இணையதளம் திறந்தது, அதில் மோட்டார் வாகனமும் உண்டு. தளம் திறப்பது ஒன்று, பட்டறையில் பூட்டு திறப்பது வேறு.

அன்று அறிவு கையிலும் காதிலும் இருந்தது, எவரும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். இன்று அது கணினியில் இருக்கிறது, படிக்க அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைக்கும்வரை கார் வைத்திருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன், செல்ஃப் சுற்றியதா, என்ன சத்தம் வந்தது, எந்த விளக்கு எரிந்தது, வண்டி சூடா ஆறியதா, கடைசியாக எப்போது எரிபொருள் போட்டோம் என்று ஐந்து விவரங்களைக் குறித்துவைத்துக்கொள்ளட்டும். எந்த ஸ்கேனரும் கேட்காத கேள்விகள் இவை. பில்லில் பெரிய தொகையைக் குறைக்கும் பதில்களும் இவைதான்.